எதிரணியில் அப்பா

பள்ளிக்கூடத்தில் நான் ஒரே ஒரு சொற்போரில்தான் கலந்துகொண்டேன். அதிலும் பாதியில் மேடையை விட்டு இறக்கப்பட்டேன். இன்று கோர்ட்டில் வாதாடிப் பிழைக்கும் நான் இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. (இருந்த வெட்கமெல்லாம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது.)

என் அப்பாவுக்குப் பூதப்பாண்டியில் நெல் வயல். நான் நர்சிங் படித்து கல்ஃபுக்குப் போகவேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கோ சட்டம். பிளஸ் டூவில் தினமும் இதே சண்டை. ஒருநாள் அலுத்துப்போய்ச் சொன்னார்:

"மேடையில பேசி ஒரு கப்பு வாங்கிட்டு வா மக்கா. பொறவு வக்கீலுக்குப் படி. இல்லன்னா நர்சிங்தான்."

விவாதத்துக்கு எங்கள் தமிழ் டீச்சர் சொன்ன விதிகள் கொஞ்சம்தான். கருத்தைச் சொல், காரணம் சொல், சான்று காட்டு. கருத்தை அடி, ஆளை அடிக்காதே. எதையும் நடுவரைப் பார்த்தே பேசு. எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும், போட்டியன்று இஸ்திரி போட்ட வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

தலைப்பு: நெல்லை விட்டு ரப்பருக்கு மாறுவதே விவசாயிக்கு நல்லது. சீட்டில் எனக்கு ரப்பர் விழுந்தது. குலசேகரத்து ரப்பர் தோட்டத்துப் பையன்களுக்கு நெல்!

கருத்தும் காரணமும் அமர்க்களமாகப் போயின. கைதட்டலில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சான்றுக்கு வந்தேன்.

"என் தந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறுவடைக்கும் மழை வந்து நெல் சாய்கிறது. அவரும் வரப்பில் நின்று வானத்தைத் திட்டுகிறார். அதே வயலில் ரப்பர் நட்டிருந்தால்?"

அப்பா எழுந்தேவிட்டார்.

"கள்ளம் சொல்லுகா! தண்ணி நிக்குத வயல்ல ரப்பர் வச்சா வேரு அழுவிப்போவும்ட்டி!"

அரங்கமே சிரித்தது. குலசேகரத்துப் பையன்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நடுவர் மணியடித்து அப்பாவை உட்காரச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கோப்பை கிடைத்திருக்கும். நான் நடுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேடையின் விளிம்புக்கு வந்தேன்.

"இருங்கப்பா! ரப்பரப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்க வயல எனக்குத் தெரியாதாட்டி?"

மணி மூன்று தடவை அடித்தது. மைக்கை அணைத்தார்கள். என் தொண்டைக்கு மைக் எதற்கு? கடைசியில் டீச்சர் வந்து கையைப் பிடித்து இழுத்தார். மன்னிப்புக் கேட்டால் தொடரலாம் என்றார் நடுவர். நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று இதுவரை ஒருநாளும் தோன்றியதில்லை.

திரும்பி வரும்போது பஸ் இறச்சகுளம் தாண்டியதும் நானே முந்திக்கொண்டேன்.

"கப்பு கிட்டல்ல. அதுக்காக நர்சிங் படிக்க மாட்டேன்."

"நீ படிக்காண்டாம்," என்றார் அப்பா. "மணியடிச்சும் நிக்கல்ல, மைக்க அணைச்சும் நிக்கல்ல. வலிக்குன்னு நோயாளி சொன்னா, வலிக்கல்லன்னு அவன்கிட்ட வாதாடுவ. வக்கீலுக்கே படி."

இன்றும் எனக்குக் காய்ச்சல் வந்து ஊசி போட நர்ஸ் வந்தால், அப்பா என்னைக் காட்டி ஆரம்பித்துவிடுவார்: "இவளும் நர்ஸாவ வேண்டியவதான் மக்கா. நல்லகாலம், நோயாளிங்க தப்பிச்சாச்சு."

அது எப்படி என்று, நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலிலும் எழுந்து உட்கார்ந்து வாதாடத் தொடங்குவேன்.