கம்பி வழியே வந்த மாமனார்

ஜென்மத்துக்கும் சிதம்பரத்துக்குக் குடிபோவதில்லை என்று மணவாளன் பல் தேய்த்துக்கொண்டே சபதம் செய்தான். மனதுக்குள்தான் செய்தான். வாயில் நுரை இருந்தது. தவிர, மனைவி விருத்தாம்பாள் பக்கத்தில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள்.

தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டதற்கு முந்தின வருஷம் அது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மணவாளனுக்கு ஒரு பழைய வீடு. முன்னறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம் என்று மொத்த வியாபாரம். பின்னறை முழுக்கச் சரக்கு. சிதம்பரத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பூஜை சாமான் கடை. அது மாமனார் சுப்புராயன் வைத்திருந்த கடை. போன வருஷம் அவர் காலமானதிலிருந்து விருத்தாம்பாள்தான் பார்த்துக்கொள்கிறாள். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவாள்.

நடுவில் இருக்கும் பகல் மணவாளனுடையது. மூட்டை ஏற்றும் தேவநாதன் காலையிலேயே வந்து, கேட்ட சரக்கை லோடு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுப் போய்விடுவார். அப்புறம் வெங்காய பஜ்ஜி சாப்பிடலாம், ஏன் என்று கேட்க ஆள் இல்லை. கைலியோடு கூடத்தில் புரளலாம். மனசு வந்தால் சில்வர் பீச்சுக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கலாம். கல்யாணமானவனுக்குச் சும்மா நிற்க ஒரு இடம் கிடைப்பது லேசான விஷயமா என்ன?

அந்தப் பகலுக்குத்தான் ஆபத்து வந்தது.

"அங்க என்னா சரக்கு இருக்குதுன்னு இங்க தெரியல. இங்க இருக்கறது அங்க தெரியல. பேசாம சிதம்பரத்துக்கே போயிடலாம் மாமா. கடைக்குப் பின்னால அப்பா வீடு சும்மாதான கெடக்குது" என்றாள் விருத்தாம்பாள்.

சும்மாதான் கிடந்தது. ஆனால் அதற்கு எதிர்வீட்டில் அவள் தம்பி உத்திராபதி இருந்தான். யோகாசனம் கற்றவன். கற்றதோடு நிற்காதவன். காலையில் யாரையாவது தலைகீழாக நிறுத்தாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. எண்ணெயில் பொரித்த எதையும் அவன் கண்ணெதிரே யாரும் தின்றுவிட முடியாது. போதாக்குறைக்குப் பகல் முழுவதும் விருத்தாம்பாள் கூப்பிடு தூரத்தில் இருப்பாள்.

தினமும் பஸ்ஸில் போய்வருவது உனக்குக் கஷ்டமாக இருக்கிறதா என்று மணவாளன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேராக இம்பீரியல் ரோட்டில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனான்.

கடைக்காரன் பெயர் செந்தமிழ்செல்வன். பெயருக்கும் பேச்சுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரெண்டு எடத்துக்கும் சைட் டு சைட் போட்டுடலாம் அண்ணே" என்றான்.

"தம்பி, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

"அந்த சைட்டு இல்லண்ணே. இது வி.பி.என்."

இன்டர்நெட்டுக்குள்ளேயே நமக்கென்று ஒரு சுரங்கம் தோண்டுகிற மாதிரி என்று விளக்கினான். இந்த முனையில் ஒரு ரௌட்டர், அந்த முனையில் ஒரு ரௌட்டர். இரண்டும் ஒரே கம்பெனியாக இருந்தால் சண்டை போடாமல் பேசிக்கொள்ளும். நடுவில் போகிற தகவலை எவனாலும் எடுத்துப் படிக்க முடியாது.

மணவாளன் குரலைத் தாழ்த்தினான். "என் வீட்டுக்காரி கூடவா?"

"அண்ணே, அவுங்க நடுவுல இல்லியே. அந்தக் கடைசில இல்ல இருக்காங்க" என்றான் செந்தமிழ்செல்வன். மணவாளன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைக்காரன் ரௌட்டர் பெட்டிகளை எடுத்து வைத்தான். ஒன்றுக்கு ஐம்பது கிளைகளோடு பேசுகிற சக்தி இருந்தது. மணவாளனுக்கு ஒரு கிளையைச் சமாளிப்பதே பெரும்பாடு. அதை ஒதுக்கினான். இன்னொன்றில் கொம்பு கொம்பாக ஆண்டெனா நின்றது. இது ஒயர்லெஸ், எல்லாம் காற்றிலேயே வரும் என்றான் கடைக்காரன். மணவாளன் ஓரடி பின்னால் நகர்ந்தான். சாம்பிராணி மூட்டைகளுக்கு நடுவே வாழ்ந்தாலும் அவன் காத்து கருப்புக்குப் பயந்தவன்.

"காத்துல வர்ற சமாசாரமே வேணாம் தம்பி. வர்றது எதுவா இருந்தாலும் ஒயர் வழியாத்தான் வரணும்."

அப்படித்தான் கொம்பில்லாத, தட்டையான, கருப்புப் பெட்டிகள் இரண்டு வந்தன. காத்துக்குப் பயந்து கருப்பை வாங்கியிருக்கிறோம் என்பது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

செந்தமிழ்செல்வனே சிதம்பரம் போய் ஒன்றை மாட்டிவிட்டு, மஞ்சக்குப்பத்துக்கு வந்து இன்னொன்றை மாட்டினான். ஒரு சாஃப்ட்வேரும் போட்டான். அதைப் பற்றி நிறைய விளக்கினான். முதல் பாதியில், இங்கே உட்கார்ந்துகொண்டே சிதம்பரம் கம்ப்யூட்டரைத் திறந்து பார்ப்பது எப்படி என்று சொன்னான். இரண்டாம் பாதியைச் சொல்லும்போது பஜ்ஜி வந்துவிட்டது.

அன்று இரவு விருத்தாம்பாள் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வி.பி.என் என்றால் என்ன என்று கேட்டாள். 'விருத்தாம்பாள் பேச்சுக்கு நோ' என்பதுதான் மணவாளன் மனதில் வைத்திருந்த விரிவு. வாய் வேறு சொன்னது. "வீட்டுக்கும் பிராஞ்சுக்கும் நடுவுல."

"அப்ப குடிபோவ வேணாங்கறீங்க."

"எதுக்குப் போவணும்? ஒரு எடத்துல உக்காந்துகிட்டே ரெண்டு எடத்தையும் பாத்துக்கலாம். இந்தப் பெட்டி இருந்தா ஆளே வேணாம்."

"சரி மாமா" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. அங்கேயே அவன் சுதாரித்திருக்க வேண்டும்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. பகலிலும் வீடு மங்கிக் கிடந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முன்னறைப் பாயில் சாய்ந்திருந்தான். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. மேஜைமேல் கருப்புப் பெட்டியின் பச்சை விளக்குகள் மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தன. எப்போதும் அப்படித்தான் அடிக்கும். அன்றைக்கு ரொம்ப வேகமாக அடித்தன.

திரையின் மூலையில் கிடந்த அம்புக்குறி அசைந்தது.

மெதுவாக, வழி தெரியாத வீட்டில் தடவித் தடவி நடக்கிறவர் மாதிரி நகர்ந்தது. நடுவில் வந்து நின்றது. ஒரு வட்டம் போட்டது. மணவாளன் எழுந்து மௌஸைப் பிடித்துப் பார்த்தான். அது சில்லென்று இருந்தது. எலி ஏதாவது ஒயரைக் கடித்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, மௌஸின் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

அம்புக்குறி இன்னொரு வட்டம் போட்டது.

மறுநாள் பகல் முழுவதும் அவன் கூடத்திலேயே இருந்தான். முன்னறைப் பக்கம் போகவில்லை. மத்தியானம் முன்னறையில் பிரிண்டர் தானாக முனகி விழித்துக்கொண்டது. கர்ரென்று ஒரு தாளை இழுத்துத் துப்பியது. அப்புறம் அமைதியாகிவிட்டது. வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தான். வெள்ளைத் தாளின் நடுவில் ஐந்தே ஆங்கில எழுத்து. எம், ஏ, பி, எல், ஈ.

படித்தவர்கள் அதை மேப்பிள் என்று வாசித்து, ஏதோ வெளிநாட்டு மரம் என்பார்கள். மணவாளன் அதைத் தமிழாகவே வாசித்தான். உலகத்தில் 'மாப்ளே' என்ற சொல்லை அப்படி எழுதியவர் ஒருவர்தான். மாமனார் சுப்புராயன் கடைசிக் காலத்தில் செல்போன் வாங்கி, எஸ்.எம்.எஸ் அனுப்பப் பழகினார். தினமும் விடிந்ததும் அவனுக்கு அதே ஐந்து எழுத்துதான் வரும். அதற்குமேல் என்ன அடிப்பது என்று அவருக்குத் தெரியாது. அவர் போன நாளிலிருந்து அது வரவில்லை.

உடனே விருத்தாம்பாளுக்குப் போன் போட்டான். கடையில் இருக்கிறாயா, கம்ப்யூட்டரை யாராவது தொட்டார்களா என்று கேட்டான்.

"கடையில எங்க இருக்கேன்? கோயிலுக்கு வந்தேன் மாமா. மணி அடிக்குது, கேக்கலையா?"

கேட்டது. கணீர் கணீரென்று தெளிவாகக் கேட்டது. அவள் கோயிலில் இருந்தால் தாளை அனுப்பியது யார்? மணவாளன் அந்தத் தாளைத் தொடவில்லை. துடைப்பத்தால் தள்ளி மேஜைக்கு அடியில் விட்டான். அன்றிலிருந்து பஜ்ஜி இறங்கவில்லை. சில்வர் பீச்சுக்குப் போனால் கடல் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

அந்த வாரக் கடைசியில் மழை கொட்டித் தீர்த்தது. நடுப்பகலில் கரண்ட் போய்விட்டது. வீடு கும்மிருட்டு. பின்னறையிலிருந்து சாம்பிராணி வாசனை வந்தது. அந்த வீட்டில் அது எப்போதும் இருக்கிற வாசனைதான். ஆனால் அன்றைக்கு யாரோ இப்போதுதான் புகை போட்டுவிட்டு நகர்ந்த மாதிரி அடர்த்தியாக இருந்தது. முன்னறையில், கம்ப்யூட்டருக்கும் கருப்புப் பெட்டிக்கும் கரண்ட் கொடுக்கிற யு.பி.எஸ் மட்டும் பீப், பீப் என்று கத்தியது. அதை நிறுத்தத்தான் அவன் உள்ளே போனான்.

திரையில் மாமனார் இருந்தார்.

சிதம்பரம் கடையில் மாலை போட்டு மாட்டியிருக்கும் அதே படம். திரையில் வழக்கமாக இருக்கும் திருவந்திபுரம் கோயில் கோபுரப் படத்தைக் காணோம். அந்த இருட்டு வீட்டில் வெளிச்சம் என்று இருந்தது அவர் முகம் மட்டும்தான். மணவாளன் யு.பி.எஸ்ஸை மறந்து அவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவர் நெற்றிக்குமேல் ஒரு வெள்ளைக் கட்டம் திறந்தது. அதில் எழுத்துகள் ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்து விழுந்தன. ஆங்கில எழுத்தில் தமிழ்.

மாப்ளே. பஸ்ஸுல பொண்ணுக்கு இடுப்பு நோவுது.

விருத்தாம்பாள் தினமும் வாசலில் வந்து இறங்கியதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். அதைச் சண்டைக்கு நிற்கிறாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தான். செத்துப்போன மனிதருக்குத் தெரிந்தது, கூடவே இருக்கிற தனக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. பயத்தைவிட அந்த வெட்கம்தான் அதிகமாகச் சுட்டது.

"நான் என்னா பண்ணணும் மாமா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டான்.

யு.பி.எஸ் கத்தியது. பிறகு எழுத்துகள் விழுந்தன. இங்க வந்துடு.

அன்று சாயங்காலம் விருத்தாம்பாள் படியேறி உள்ளே வருவதற்குள், சிதம்பரத்துக்குக் குடிபோகிறோம் என்று சொல்லிவிட்டான். நெசமாவா என்று அவள் ஆச்சரியப்பட்டாள். அவ்வளவு ஆசையாக வாங்கிய பெட்டி இருக்கிறதே என்றாள். பெட்டி கிடக்கட்டும், உன் இடுப்பு முக்கியம் என்றான் மணவாளன். அதைச் சொன்னபோது அவள் அவனையே ஒரு மாதிரி பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அது மட்டும் நிஜம்.

கார்த்திகையில் நல்ல நாள் பார்த்துக் குடிபோனார்கள். மொத்தச் சரக்கும் கம்ப்யூட்டரும் கருப்புப் பெட்டியும் மஞ்சக்குப்பம் வீட்டிலேயே இருந்தன. சாவி தேவநாதனிடம் இருந்தது. முதல்நாள் காலையிலேயே உத்திராபதி வந்து மணவாளனைச் சுவரோரமாகத் தலைகீழாக நிறுத்தினான். உலகம் நேராகத் தெரிவதற்கு வெகு நேரம் பிடித்தது.

தலையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனான். விருத்தாம்பாள் வாடிக்கையாளருக்குக் குத்துவிளக்கு காட்டிக்கொண்டிருந்தாள். அவன் அவளுடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். திரையில் ஒரு சின்னக் கட்டம் திறந்திருந்தது. அதற்குள் மாமனார் சிரித்துக்கொண்டிருந்தார். கட்டத்தின் தலையில் 'கடலூர் வீடு' என்று எழுதியிருந்தது. மணவாளன் மௌஸை அசைத்தான். கட்டத்துக்குள் இருந்த அம்புக்குறி மாமனார் மூக்குமேல் ஒரு வட்டம் போட்டது.

கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை மணி இருந்தது. விற்பனைச் சரக்குதான். எடுத்து ஒரு ஆட்டு ஆட்டினான். கணீர் கணீரென்று, அன்று போனில் கேட்ட அதே கோயில்.

சுரங்கத்துக்கு இரண்டு பக்கமும் வாசல் உண்டு என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பாடத்தைத்தான் அன்றைக்குப் பஜ்ஜியோடு சேர்த்து விழுங்கியிருந்தான். கத்தலாம் என்று வாயைத் திறந்தான். மணிக்குப் பின்னால் இடுப்புக்குத் தேய்க்கிற தைலம், பாதிக்குமேல் தீர்ந்த பாட்டில், நின்றுகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டான்.

ஆனால் ஒரு வழி மிச்சமிருந்தது. சில்வர் பீச்சும் வெங்காய பஜ்ஜியும் ஆளில்லாத கூடமும் கண்முன் வந்து நின்றன. முகத்தைத் தியாகியாக வைத்துக்கொண்டு மனைவியிடம் போனான்.

"விருத்தா, கடலூர் சரக்கை யாராச்சும் பாக்கணும் இல்ல? நீ ஒக்காரு. இனிமே தெனமும் பஸ்ஸுல நான் போய்ட்டு வர்றேன்."

விருத்தாம்பாள் குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "எதுக்கு அலையணும்? பெட்டி இருந்தா ஆளே வேணாம்னு நீங்கதான சொன்னீங்க, மாப்ளே."