என் கட்டை விரலை நம்பாத கதவு

எனக்குத் தலைக்கனம் வந்தது வாழ்க்கையில் ஒரே தடவைதான். அதுவும் தலையில் ஏறவில்லை. நேராகக் கட்டை விரலில் போய் உட்கார்ந்துகொண்டது.

தொண்ணூறுகளின் கடைசி. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. தடுப்பு மருந்து வைக்கும் குளிர் அறைக்கு, கைரேகை பார்த்துத் திறக்கும் பூட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மாட்டினார்கள். பதிவானவை இரண்டே ரேகைகள்: மானேஜருடையது, என்னுடையது. செம்பாக்கத்தில் எங்கள் தெரு முழுக்க அப்பா இதைச் சொல்லி முடித்துவிட்டார். (காய்கறிக்காரரையும் விடவில்லை.)

ஒரு திங்கட்கிழமை காலை மானேஜர் தன் விரலை வைத்துக் கதவைத் திறந்தார்.

"பெட்டியெல்லாம் செக் பண்ணிடும்மா. நான் கிண்டி வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

அவர் போனதும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே வரவும் விரல் வைக்க வேண்டும். வேலையை முடித்துவிட்டு விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. புடவையில் துடைத்து வைத்தேன். சிவப்பு. அப்புறம்தான் விரலையே பார்த்தேன். முந்தின நாள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்ததில் தோல் உரிந்து, வேகவைத்துத் தோலுரித்த உருளைக்கிழங்கு மாதிரி மழமழவென்று இருந்தது.

உள்ளே போன் கிடையாது. மானேஜர் திரும்பச் சாயங்காலம் ஆகலாம். கால் மரத்து, பற்கள் தந்தியடிக்க ஆரம்பித்தன. இருபத்து நாலு வயதில், கல்யாணம்கூட ஆகாமல், தடுப்பு மருந்துக்கு நடுவே சாகப்போகிறேன் என்று அழுதபடி கதவைக் குத்தினேன்.

வெளியே வாட்ச்மேன் ஏழுமலையின் குரல் மெல்லக் கேட்டது.

"யாரு உள்ள?"

"நான்தான் அண்ணா, கல்பனா! கதவு திறக்கலை!"

"கல்பனாம்மா வெரல வெச்சா தொறக்குமே. நீ யாரு?"

"விரல்ல தோல் உரிஞ்சு போச்சு அண்ணா!"

"இன்னா கதை வுடற? மெஷினே உன்ன தெரியாதுன்னுது, நான் எப்டி நம்பறது? இரு, போலீச கூட்டியாறேன்."

கனத்த கதவு என் குரலையே மாற்றியிருக்க வேண்டும். அவர் காலடி ஓசை நகர்ந்தது. கத்த வாயைத் திறந்தேன். குளிரில் தும்மல் வந்தது. எனக்கு வந்தால் ஏழு வரும், ஏழாவது ரயில் விசில் மாதிரி முடியும்.

காலடி நின்றது.

"அட, நம்ம கல்பனாம்மா! பயப்படாத, தோ வந்துட்டேன்!"

ஸ்குரூடிரைவரோடு ஓடி வந்தார். பூட்டை அவர் தொடவே இல்லை. எதிர்ப்பக்கக் கீல்களைக் கழற்றி, பத்தே நிமிடத்தில் கதவைப் பெயர்த்துச் சுவரில் சாத்தி வைத்தார். வெளியே வந்த நான், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பாதி ஃபேக்டரி வேடிக்கை பார்த்தது. சாய்ந்து கிடந்த கதவில் பூட்டு மட்டும் சிவப்பு விளக்கோடு இன்னும் காவல் காத்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரமே அறைக்குள் ஓர் அழைப்பு மணியும், சாதாரணக் கைப்பிடியும் வந்தன.

என் பெருமை அத்தோடு போயிற்று. அப்பாவுடையது போகவில்லை. இன்றும் நான் வீட்டு வாசலில் தும்மினால், ஏழு வரை பொறுமையாக எண்ணிவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்:

"நம்ம பொண்ணுதான், கதவத் திற!"