ஆடி ஞாயிறும் மேட்னி ஷோவும்

கட்டிய மனைவியைத் திருட்டுத்தனமாகச் சந்தித்தவன் நான். தாலி கட்டி, பத்திரிகை அடித்து, ஊரைக் கூட்டிச் சோறு போட்டுக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணை, ஆவடியில் ஒரு தியேட்டரில், கர்ச்சீப்பால் முகத்தைத் துடைப்பது போல மூடிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஏனென்றால் அது ஆடி மாதம்.

தலை ஆடி என்றால் என்னவென்று மாட்டியவர்களுக்குத் தெரியும். கல்யாணமான முதல் ஆடியில் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு வேட்டி சட்டை, ஒரு விருந்து, அப்புறம் ஒரு டாட்டா. ஆவணி பிறந்தால்தான் மனைவி திரும்பி வருவாள். இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். வேப்பம்பட்டில் என் மாமியார் பார்க்கிறார்.

நித்யாவை அழைத்துப் போக வந்த அன்று, அத்தை எங்கள் அம்பத்தூர் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மாப்ள. ஆடி முடியற வரிக்கும் ரெண்டு பேரும் பாத்துக்கக் கூடாது. நடுவுல ஒண்ணா எங்கனா பாத்தேன்னு வைங்க, ஆவணியில அனுப்ப மாட்டேன். புரட்டாசி தாண்டித்தான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னால் அதில் மாற்றமே இருக்காது என்று நித்யா பின்னால் நின்று கண்ணாலேயே எனக்குத் தெரிவித்தாள். மாமனார் கோதண்டம் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வாயைத் திறக்கவே மாட்டார். (அப்போது அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.)

அதற்குப் பிறகு வந்த வாரம் இருக்கிறதே, அது என் எதிரிக்கும் வரக் கூடாது. ஆடி வந்தால் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு மேடை. சீரியல் லைட்டில் அம்மன், பக்கத்திலேயே ஆள் உயர ஸ்பீக்கர், மெல்லிசைக் கச்சேரி. வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாமல் தினமும் சாயங்காலம் கிளம்பிவிடுவேன். எங்கள் தெருக் கச்சேரியில் பாடகரும் பாடகியும் முகத்துக்கு முகம் பார்த்து டூயட் பாடினார்கள். நான் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். கோவில்பதாகையில் பம்பை உடுக்கைதானே, அழுகை வராது என்று போனேன். பம்பைக்காரர் இடையில் ஒரு சினிமாப் பாட்டை வாசித்தார், காதல் பாட்டு. கரையான்சாவடியில் திருவிழாவுக்காகத் திரை கட்டிப் பழைய படம் போட்டார்கள். அதில் கணவனும் மனைவியும் பிரிகிற கட்டம் வந்தபோது, என் நண்பன் ஜோசப் வாங்கிக் கொடுத்த பிரியாணித் தட்டின் மேலேயே அழுதுவிட்டேன். அவளைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஜோசப்புக்கு அங்கே மொபைல் கவர் விற்கிற கடை. அவனுக்கு ஆடியும் கிடையாது, மாமியாரும் கிடையாது. அதனால் தைரியம் ஜாஸ்தி.

"உன் பொண்டாட்டிதான மச்சான்? அப்புறம் இன்னாத்துக்கு பயந்துகினு கீற? ஞாயித்துக்கெழம வேப்பம்பட்டுல திருவிழாங்கிற. ஊரே கோயில்ல கெடக்கும். அன்னிக்கு மேட்னிக்கு ஆவடிக்கு வரச் சொல்லு. எவன் பாக்கப் போறான்?"

எனக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. அங்கேயே அவன் போனில் இரண்டு டிக்கெட் போட்டான். நித்யா, ஆவடி டெய்லரிடம் பிளவுஸ் வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ரயிலில் வருவதாக ஏற்பாடு. மாமாவைப் பற்றிக் கவலையே இல்லை. அந்த வருஷம் அவர்தான் அம்மனுக்குக் கரகம் எடுக்கிறார். கையில் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டினவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பகலெல்லாம் கோயில் மண்டபத்திலேயே படுத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் வாசலில் நித்யாவைப் பார்த்ததும் கர்ச்சீப்பை இறக்கிவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். பெண் பார்க்கப் போன அன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை. "ஏன் இப்டி எளச்சிட்டீங்க?" என்றாள். அழுதுவிடுவேனோ என்று பயந்து, "உள்ள போலாம், வாசல்ல நின்னா யார்னா பாத்துருவாங்க," என்றேன். விளக்கு அணைகிற வரைக்கும் இரண்டு பேரும் குனிந்து செருப்புக்குக் கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தோம்.

படம் தொடங்கியது. ஹீரோ வருகிற கட்டம். தியேட்டரே எழுந்து நின்றது. எங்களுக்கு நேர் முன் வரிசையில் ஒருவர் சீட்டின் மேலேயே ஏறி நின்று, பையிலிருந்து கலர் பேப்பர் துண்டுகளை அள்ளி வீசினார். பாதி அவர் தலையிலேயே விழுந்தது. பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார் பாருங்கள், எனக்கே உடம்பு சிலிர்த்தது. அந்த சந்தோஷத்தைப் பங்கு போட ஆள் வேண்டுமே, மனிதர் அப்படியே பின்பக்கம் திரும்பினார்.

என் மாமனார்.

வாயில் வைத்த விரல் வாயிலேயே நின்றது. திரை வெளிச்சம் எங்கள் மூன்று பேர் முகத்திலும் பச்சையும் சிவப்புமாக மாறிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். மெதுவாக விரலை எடுத்து, மெதுவாக இறங்கி, மெதுவாக உட்கார்ந்தார். அதன் பிறகு இடைவேளை வரைக்கும் அவர் பிடரி அசையவில்லை. நித்யா என் கையைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. புரட்டாசி, புரட்டாசி என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. படத்தில் என்ன நடந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது.

இடைவேளை விளக்கு போட்டார்கள். ஓடவும் முடியாது. மாமா எழுந்து எங்கள் வரிசைக்கு வந்தார். அந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு மட்டும் எட்டிப் பார்த்தது.

"இன்னா மாப்ள, படத்துக்கா?"

"ஆமா மாமா."

"நீ இன்னாம்மா இங்க?"

"டெய்லர் கடைக்கு வந்தேம்பா. நீங்க கோயில்ல..."

"நான் கோயில்லதான் கீறேன்," என்றார் மாமா, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

மணிக்கட்டுக் கயிற்றைச் சட்டைக் கைக்குள் தள்ளினார். பிறகு அவரே, "நான் உங்களப் பாக்கல. நீங்க என்னப் பாக்கல. பாப்கார்ன் துன்றீங்களா?" என்றார். எனக்கு உயிர் வந்தது. இந்த மனிதரையா பேசத் தெரியாதவர் என்று நினைத்தோம் என்று கையைப் பிடித்துக் கும்பிடத் தோன்றியது.

அந்த நிம்மதி பாப்கார்ன் வருகிற வரைக்கும்கூட நிலைக்கவில்லை. நித்யாவின் போன் அடித்தது. அத்தை. பக்கத்தில் நின்ற எங்களுக்கே தெளிவாகக் கேட்டது.

"டெய்லர் கடையில இன்னாடி இவ்ளோ நேரம்? உங்கப்பாவ வேற காணம். மண்டபத்துல பாய் மட்டும்தான் கீது. பாட்டுக்காரங்க இங்க முடிச்சிட்டு வேற ஊருக்குப் போவணுமாம். கரகத்த முன்னாடியே எடுக்கச் சொல்லிட்டாங்க. ஓடியா."

மாமா திரை இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். "செகண்ட் ஆஃப்லதான் வில்லனே வர்றானாம்," என்றார். அதைவிடச் சோகமான குரலை நான் கேட்டதில்லை.

ரயிலுக்குக் காத்திருக்க நேரம் இல்லை. என் பைக் ஒன்றுதான் வழி. மாமா தியேட்டர் பாத்ரூமுக்குள் பேண்ட்டோடு போய் மஞ்சள் வேட்டியோடு வெளியே வந்தார். பின்னால் மாமா, அவருக்குப் பின்னால் பிளவுஸ் இல்லாத பிளவுஸ் பையோடு நித்யா. சி.டி.எச். ரோட்டில் நான் அன்றைக்கு ஓட்டியதைப் போல இனி ஓட்ட மாட்டேன். திருநின்றவூர் தாண்டும் முன்பே போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். முடிந்தது கதை என்று நிறுத்தினேன். அவர் மாமாவின் மஞ்சள் வேட்டியையும் விரதத் தாடியையும் காப்பையும் பார்த்தார்.

"சாமி, மூணு பேரு போவக் கூடாதே."

"ஆத்தா கூப்புட்றாப்பா," என்றார் மாமா. அத்தையைத்தான் சொன்னாரோ என்னவோ. போலீஸ்காரர் கும்பிட்டுவிட்டு வழி விட்டார்.

திட்டம் சுலபமானது. ஊர் வளைவுக்கு முன்னாலேயே இறக்கிவிடுவேன். மாமா குளத்துப் பக்கமாக மண்டபத்துக்குள் நுழைந்துவிடுவார். நித்யா ஸ்டேஷன் பக்கமாக நடந்து வருவாள். நான் திரும்பிப் பார்க்காமல் அம்பத்தூர் போய்விடுவேன்.

வளைவுக்கு முன்னால் பம்பைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கரகம் எடுக்கப் போகிறவர் மஞ்சள் வேட்டியில் வண்டியில் வந்து இறங்குவதைப் பார்த்ததும், இதுவும் இந்த வருஷ ஏற்பாடு போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அடிக்க ஆரம்பித்தார்கள். மாமாவை இறங்கவே விடவில்லை. "உக்காந்துக்கோ அண்ணாத்தே, உக்காந்துக்கோ," என்று கூட்டம் சூழ்ந்துகொண்டது. பைக்கைத் திருப்ப இடம் இல்லை. முன்னால் பம்பை, பின்னால் ஜனம், நடுவில் முதல் கியரில் நான். ஒருவர் ஓடிவந்து எனக்கும் ஒரு மாலை போட்டார். எனக்கு வியர்த்த வியர்வையில் அந்த மாலையே நனைந்தது.

தெருத் திரும்பியதும் மெல்லிசை மேடை. பாடிக்கொண்டிருந்தவர் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கில் உற்சாகமாகச் சொன்னார்: "இதோ கரகம் எடுக்க நம்ம கோதண்டம் அண்ணன் வந்துட்டாரு. பாசமா மாப்பிள்ளையும் பொண்ணும் ஒரே வண்டியில கூட்டிகினு வர்றாங்க. எல்லாரும் ஜோரா கை தட்டுங்க."

ஊரே கை தட்டியது. மேடைக்கு முன்னால் மஞ்சள் தண்ணிக் குடத்தோடு நின்ற அத்தை மட்டும் தட்டவில்லை.

மாமா கடைசி முயற்சியாகக் கண்ணை மூடி, உடம்பைக் குலுக்கி, சாமி வந்தவர் போல ஆட ஆரம்பித்தார். அத்தை பக்கத்தில் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஆத்தா, எங்கேர்ந்து வர்ற?"

மாமாவின் ஆட்டம் லேசாகக் குறைந்தது. அத்தை அவர் தலையிலிருந்து ஒரு துண்டு எடுத்தார், இன்னொரு துண்டு எடுத்தார். பளபளவென்று கலர் பேப்பர்.

"எந்தக் கோயில்ல இந்தப் பூவப் போட்றாங்க?"

ஆட்டம் நின்றுவிட்டது. குடத்துத் தண்ணியில் பாதி மாமா தலையில், மீதி என் தலையில். அது தோஷம் கழிக்கவா, கோபத்திலா என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை. பூசாரி மாமாவைக் குளிக்க வைத்து, அம்மன் முன் விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொல்லி, புதுக் காப்புக் கட்டிய பிறகுதான் கரகம் கிளம்பியது.

மாமா குளிக்கப் போகும் முன்பே விசாரணை நடந்தது, கோயிலுக்குப் பின்னால், பிளாஸ்டிக் சேரில். நான் மஞ்சளாகச் சொட்டிக்கொண்டு நின்றேன். "அத்தை, தப்பு என்னுதுதான். ஆனா அவளப் பாக்காம இருக்க முடியல," என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்தது. புரட்டாசி வரைக்கும் என்று அவர் சொல்லியிருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

அத்தை என்னையே பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது போலத் தெரிந்தது.

"ஆவணி பொறந்ததும் நித்யா வந்துருவா, போங்க," என்றார். பிறகு மாமா பக்கம் திரும்பினார். திரும்பும்போது சிரித்தார். "அது வரிக்கும் ஊட்டுல ஒண்டியா கீறதாலதான உங்களுக்கு இந்தக் கஷ்டம்? காப்பு அவுத்ததும் இவரக் கூட்டிக்கினு போங்க. எனக்கும் ஆடிதான்."

அப்படித்தான் என் மனைவி வரவேண்டிய வீட்டுக்கு என் மாமனார் வந்தார். ஆடி முடிகிற வரைக்கும் என் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே படுத்து, குறட்டை விட்டு, சாயங்காலமானால் என்னைக் கிளப்பி, இன்றைக்கு எந்தத் தெருவில் கச்சேரி, எந்தத் தியேட்டரில் என்ன படம் என்று விரலை மடக்கிச் சொல்லுவார். ஆவடிப் படத்தின் செகண்ட் ஆஃபையும் பார்த்துவிட்டோம். வில்லன் ஒன்றும் பிரமாதமில்லை.

தலை ஆடி ஒரு முறைதான். ஆனால் எங்கள் வீட்டில் அது நிற்கவில்லை. ஒவ்வொரு ஆடிக்கும் அத்தை மாமாவைப் பையோடு எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். சொந்தக்காரர்கள் போன் செய்தால் எங்களை நலம் விசாரிப்பதில்லை, "மாமனார ஆடிக்கு அழைச்சாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். இந்த வருஷம் ஆனி முடிவதற்குள்ளேயே வாசலில் வந்து நின்றார். இன்னும் ஆடி பிறக்கவில்லையே மாமா என்றேன்.

"இப்பவே வந்து புக் பண்ணாத்தான் மாப்ள சீட்டு கெடைக்கும்," என்று பையை உள்ளே வைத்தார்.