எறும்பு, தூக்கம், ஏரி: அக்காவுக்கு ஒரு சிபாரிசு

ராஜகீழ்ப்பாக்கம்,
டிசம்பர் 19.

கர்த்தருக்குள் பிரியமான ரத்தினபாய் அக்காவுக்கு, தம்பி எலியேசர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் என் முழங்கால்கள் இரண்டும் சுகம். குளியலறையில் வழுக்கி நீ ஒடித்துக்கொண்ட இடுப்பெலும்பு சீக்கிரம் கூடிவர வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன்.

நிற்க. போன வாரம் நீ போனில் பேசி அனுப்பியிருந்ததைக் கேட்டேன். "லேய் எலியேசர், ஆறு வாரம் படுத்தே கெடக்கணுமாம் கேட்டியா. எனக்கு கதைப் புஸ்தகம் வேண்டாம். கதைதான் டிவியில நாள் பூரா ஓடுது. உள்ளத உள்ளபடி சொல்லுத புஸ்தகம் எது நல்லாருக்கும்னு சொல்லு" என்றாய். அதை நான் ஒன்பது தடவை கேட்டேன். புரியாமல் இல்லை. ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு, இருநூறுக்கு மேல் புத்தகம் வைத்திருக்கும் எனக்கு, எது நல்ல புத்தகம் என்று ஒரு மனுஷர் கேட்டது இதுதான் முதல் தடவை. போனில் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். அதனால்தான் கடிதம்.

முதலில் எறும்புகளைப் பற்றிய புத்தகம். அதைச் சொல்வதென்றால் என் அலமாரியைச் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி வைத்து, நாற்பது புத்தகங்களை அடுக்கி, ஓர் அட்டையில் எழுதி மாட்டினேன்: 'யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். திருப்பித் தரும்போது மூன்றாம் எண் வீட்டு மணியை அடித்து, எப்படி இருந்தது என்று சொல்லவும்.' உன்னிடம் மறைப்பானேன், அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் முதல் வாக்கியமே. வருகிறவர்களுக்கு டீ கொடுக்க ஆறு கோப்பைகூட வாங்கி வைத்தேன். மூன்று வாரம் ஒரு புத்தகம் நகரவில்லை. வாட்ச்மேன் பொன்னுரங்கம் மட்டும் வந்து, "இன்னா சார், ஒருத்தரும் தொட மாட்டேன்றாங்க. எடம் சும்மாதான கீது, என் டிபன் பாக்ஸ வெச்சிக்கினா இன்னா?" என்று கேட்டார். வைத்துக்கொள்ளச் சொன்னேன். அலமாரியிலிருந்து தினமும் எடுக்கப்பட்ட ஒரே பொருள் அதுதான்.

நாலாவது வாரம் மணி அடித்தது. இரண்டாம் மாடி தீபா, கையில் எறும்புப் புத்தகம். எனக்குக் கை கால் ஓடவில்லை. உட்காரும்மா, டீ சாப்பிடும்மா என்றால், அந்தப் பெண் நின்றபடியே, "இல்ல சார், கிச்சன் ஃபுல்லா எறும்பு. அதான் எடுத்தேன். இதுல எறும்பை எப்படிக் கொல்றதுன்னு எந்த பேஜ்ல சார் இருக்கு?" என்றாள். கொல்வது பற்றி இதில் இல்லையம்மா என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. எறும்பு தன் வழியில் வாசனை வைத்துக்கொண்டே போவதையும், மற்ற எறும்புகள் அதை மோந்துகொண்டு பின்னால் வருவதையும் நாற்பது நிமிஷம் விளக்கினேன். மேலே அவள் அடுப்பில் வைத்த பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரிந்து, வாசனை எங்கள் வீடு வரைக்கும் வந்தது. அதற்குப் பிறகு நான் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றால் தீபா படிக்கட்டில் ஏறுகிறாள். ஆனாலும் புத்தகம் அருமை, அக்கா. அதைப் படித்துவிட்டால் உன் கட்டிலோரச் சுவரே உனக்கு ஒரு ஊர் மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது தூக்கத்தைப் பற்றியது. மனுஷன் ஏன் தூங்குகிறான் என்று முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறார்கள். இதை எடுத்துப் போனவர் சுப்பராயலு. எங்கள் கட்டடம் நிற்கிற நிலமே அவர் குடும்பத்து வயல்தான். நிலத்துக்கு ஈடாகக் கிடைத்த வீட்டில் மேலே இருக்கிறார். மறுநாளே பரவசத்தோடு வந்தார். "சார், எத்தினி மாத்திர போட்டுகினேன், ஒன்னும் வேலைக்காவல. உங்க புக்கு ரெண்டே பக்கம் சார். அப்டியே சாஞ்சிட்டேன்!" ஐந்து மாதமாகியும் அவர் அந்த இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. ஆளுக்கு நன்றி மட்டும் குறைவில்லாமல் இருக்கிறது.

மூன்றாவது, நம் ஏரிகளைப் பற்றியது. அக்கா, இதை நீ படி. படித்துவிட்டு வாயை மட்டும் மூடிக்கொண்டிரு. நான் மூடவில்லை. அக்டோபரில் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, புத்தகத்தைத் திறந்து காட்டி, நாம் இருப்பது ஏரி வயிற்றில், மழை வந்தால் தண்ணீர் கிழக்கே இருந்து வரும் என்றேன். சுப்பராயலு கொதித்துவிட்டார். "இன்னா சார் பேசறீங்க? எங்கப்பா நெல்லு போட்ட எடம் சார் இது. ஏரின்றீங்க!" செயலாளர் தயாளனுக்கு அவரைவிடக் கோபம். அவர் வீட்டை விற்கப்போகிறார், பார்க்க வந்தவர்கள் அதே கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு எப்படித் தெரியும்? அவர்கள் எழுந்து போனார்கள். மறுநாள் காலை அலமாரி என் வீட்டு வாசலில் இருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஒருவரும் என்னோடு பேசவில்லை. மணி ரிப்பேராகிவிட்டதோ என்று ஒருநாள் வெளியே போய் நானே அடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் அடித்தது. வந்து திறக்கத்தான் ஆள் இல்லை.

பிறகு மழை வந்தது. என் வீடு தரைத்தளம். தண்ணீர் கிழக்கே இருந்து வரும் என்று புத்தகங்களை எல்லாம் மேற்கு அறைக்கு மாற்றி வைத்தேன். தண்ணீர் மேற்கு அறைக் குளியலறை ஓட்டை வழியாக வந்தது. நான் முழங்கால் தண்ணீரில் தலையில் புத்தகக் கட்டோடு நிற்பதை முதலில் பார்த்தவர் பொன்னுரங்கம். அவர் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள். படிக்கட்டு நெடுக ஆள் நின்று கைமாற்றிக் கைமாற்றி இருநூறு புத்தகத்தையும் மேலே ஏற்றினார்கள். கடைசியாக என்னை ஏற்றினார்கள். "இங்கயே தங்குங்க சார், கூச்சப்படாதீங்க" என்று கூட்டிப்போனவர், நம்ப மாட்டாய், அந்தத் தயாளன்தான்.

இரண்டு நாள் கரண்ட் இல்லை. எல்லார் போனும் செத்துப்போனது. இரண்டாம் நாள் மத்தியானம் மாடிப்படி ஏறிப் போகிறேன், அக்கா, காற்றுக்காக எல்லாக் கதவும் திறந்து கிடக்கிறது, ஒவ்வொரு வீட்டிலும் யாரோ என் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். தீபா தரையில் குப்புறப் படுத்து எறும்பு படிக்கிறாள். நிமிர்ந்து, "சார், ராணி எறும்பு பாவம் சார்" என்றாள். தயாளன் ஏரிப் புத்தகத்தோடு என்னை இழுத்து உட்காரவைத்து, "அறுபத்திரெண்டாம் பக்கத்துல மதகு பத்திச் சொல்றானே, அது நம்ம ஜங்ஷன் பக்கமா இருக்குமோ சார்?" என்று ஆரம்பித்து இருட்டுகிற வரைக்கும் பேசினார். நானும் பேசினேன். தொண்டை கட்டிக்கொண்டது.

மூன்றாம் நாள் நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. விசில் அடித்துக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தண்ணீர் வடிந்திருந்ததால் வீட்டைக் கழுவக் கீழே வந்தேன். ஐந்தரைக்குப் பொன்னுரங்கம் என் வீட்டு மணியை அடித்தார். இரண்டு அரிசிச் சாக்கு நிறையப் புத்தகம். "அல்லாரும் குட்த்துட்டாங்க சார். ஒன்னுகூட மிஸ்ஸாவல" என்றார் பெருமையாக. எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரே ஒரு மணி.

ஆகவே அக்கா, எறும்பு, தூக்கம், ஏரி மூன்றையும் தைரியமாகச் சிபாரிசு செய்கிறேன். பார்சலில் அனுப்புகிறேன். கிறிஸ்மஸுக்கு வரச்சொல்லியிருந்தாய். சுவர் இன்னும் ஈரமாக இருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, தனியாக இருக்கிறேனே என்று நீ விசனப்படாதே. உன் மகன் ஜாய்சனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். கர்த்தர் உன் எலும்புகளைக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
எலியேசர்.

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பினேன். கேட்டருகே தீபா கவரின் கனத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு சார் இவ்ளோ பெரிய லெட்டர்?" என்று கேட்டாள். நாகர்கோவிலில் இருக்கிற அக்காவுக்கு என்றேன். "அட, இங்க தாம்பரத்துல ஏறினா காலைல அங்க இறங்கிடலாமே சார். நேர்ல போய்ப் பேசாம எதுக்கு எழுதறீங்க?" என்றாள். கவரோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். சுவர் எப்போதோ காய்ந்துவிட்டது, அக்கா. இருபத்துமூன்றாம் தேதி வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நானே கொண்டுவந்து, உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன். நீ சிரிக்கிற இடத்தில் நிறுத்தி நிறுத்தி வாசிப்பேன்.