தங்கள் வீட்டுப் பின்வாசல் பிளக்கைப் பயன்படுத்தியது தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கையும் சௌக்கியம். அங்கு தாங்களும் அக்காவும், ஃபிரிட்ஜ் நீங்கலாக, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் கைக்கு வரும் நேரத்தில் தாங்கள் வெளியூரிலிருந்து திரும்பி வந்து, சமையலறையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்றத்துக்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கலாம். மேற்கொண்டு தேட வேண்டாம். எலி இல்லை, நான்தான். நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் என் பேரில் எவ்வளவு தப்பு, காரின் பேரில் எவ்வளவு தப்பு என்று தாங்கள் பிரித்துப் பார்க்க முடியும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது தெரிந்ததே. காரணம் தங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. எங்கள் சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் தங்கள் வாசலில் நின்று வழியனுப்பிக்கொண்டிருந்தபோது நான் என் பழைய காரை ரிவர்ஸ் எடுத்துத் தங்கள் கேட் தூணில் இடித்தேன். இடித்ததை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. ஆனால் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற தாங்கள் அத்தனை பேர் முன்னால், "ஊர்ல இருக்கிற தராசையெல்லாம் அளந்து பாக்கிறவருக்கு ஒரு கேட்டோட அகலம் தெரியலையே" என்று சத்தமாகச் சொன்னீர்கள். சம்பந்தி சிரித்தார். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா புரையேறிப் போய்ச் சிரித்தார். எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து, எத்தனையோ கடைக்காரர்களை ஒரே பார்வையில் வியர்க்கவைத்த மனிதன் நான். இனி அந்தக் கேட்டுக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், சொன்னபடி நடந்தும் வந்தேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் முடியாமல் போயிற்று.

எல்லாவற்றுக்கும் காரணம் இந்த எலெக்ட்ரிக் கார். வாங்கச் சொன்னது எங்கள் மாப்பிள்ளை. "மாமா, இதுக்குச் செலவே கிடையாது, செல்போன் மாதிரி ராத்திரி சொருகிட்டுப் படுத்துக்கலாம்" என்றார். செல்போனை நான் மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன், காரை எப்படித் தூக்குவது என்று அப்போது எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அதிலும் இந்த வண்டியில் இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்று முன்னால் ஒரு எண் காட்டுகிறதே, அதை நான் பணியில் இருந்த காலத்தில் பார்த்திருந்தால் அன்றைக்கே முத்திரை வைத்துக் கைப்பற்றியிருப்பேன். ஏசி போட்டால் குறைகிறது. மேடு ஏறினால் குறைகிறது. இறங்கினால் கூடுகிறது. உங்கள் தங்கை ஏறி உட்கார்ந்தபோது ஒருமுறை குறைந்தது, அதை நான் வாய்விட்டுச் சொன்னதற்கு வீடு வரும்வரை அவள் என்னோடு பேசவில்லை. ஒரு கடைக்காரன் இப்படி ஆளுக்கு ஒரு எடை காட்டினால் சும்மா விடுவோமா?

ஆரம்பத்தில் ஃபர்னிச்சர் கடைக்குப் பின்னால் இருக்கிற சார்ஜ் நிலையத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். அங்கே வண்டியைச் சொருகுவதற்கு முன்னால் போனில் ஒரு செயலியை இறக்க வேண்டும், அதில் நான் யார் என்று நிரூபிக்க வேண்டும், ஓடிபி வர வேண்டும், வந்த ஓடிபியைக் கண்ணாடி போட்டுப் பார்ப்பதற்குள் அது காலாவதியாகிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்தபோதுகூட என்னை இவ்வளவு விசாரிக்கவில்லை. சொருகிய பிறகு ஒரு மணி நேரம் எங்கே போவது? ஃபர்னிச்சர் கடைக்குள் போய் ஏசியில் சோபா சோபாவாக உட்கார்ந்து பார்த்தோம். இரண்டாம் தடவை போனபோது கடைப்பையன்கள் பார்க்கிற பார்வையில் உங்கள் தங்கைக்கு வெட்கமாகிவிட்டது. இருப்பதிலேயே சின்னதாக ஒரு செருப்பு ஸ்டாண்டு வாங்கினாள். அதற்கடுத்த தடவையும் வாங்கினாள். இப்போது எங்கள் வீட்டில் நான்கு செருப்பு ஸ்டாண்டு இருக்கிறது, செருப்பு மூன்று ஜோடிதான். செலவே கிடையாது என்று சொன்ன மாப்பிள்ளைக்கு இரண்டு ஸ்டாண்டு அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

இது கட்டுப்படியாகாது என்று மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து கீழே வயர் இறக்கினேன். முறைப்படி எலெக்ட்ரீஷியனை வைத்துத் தடியான வயராகத்தான் போட்டேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "சார், இது அபார்ட்மென்ட்டா, கப்பலா? நங்கூரம் பாய்ச்சின மாதிரி இருக்கே" என்றார். இரண்டாவது மாடிக்காரர் அதில் துண்டு காயப்போட்டார். துண்டை எடுக்கச் சொன்னதற்கு, "வயர் எங்க ஜன்னல் வழியாத்தானே போகுது, வாடகை கேட்டேனா?" என்றார். நியாயமாகத்தான் பட்டது, விட்டுவிட்டேன். சுவிட்ச் எங்கள் பால்கனியில் துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சாயங்காலம் போட்டால் காலையில் முழுசாக ஏறியிருக்கும். அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

போன ஞாயிறு மகள் வீட்டுக்குப் புறப்பட்டோம். காலையில் பார்த்தால் பாதிதான் ஏறியிருக்கிறது. இடையில் கரண்டு போயிருக்கும் என்றேன். "இருக்கும், இருக்கும்" என்றாள் உங்கள் தங்கை. இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் போகலாம் என்றேன். "கிளம்புங்க. வழியில ஏதாவது ஒரு வழி இல்லாமலா போகும்?" என்றாள். அவசரத்தில் மூக்குக் கண்ணாடியைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். நெடுஞ்சாலை ஏறியதும் அந்த எண் மளமளவென்று குறைய ஆரம்பித்தது. நான் ஒவ்வொரு எண்ணாக அவளுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஏசியை நிறுத்தினேன், ரேடியோவை நிறுத்தினேன், ஒரு மாட்டு வண்டி முந்திப் போகாத குறையாக ஓட்டினேன். அவள் வண்டியோடு கொடுத்த விளக்கப் புத்தகத்தை விசிறியாக வைத்து விசிறிக்கொண்டு வந்தாள். வேறு நாளாக இருந்தால் என்னை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். அன்றைக்கு ஒரு முகச்சுளிப்பு இல்லை. வழியில் இருக்கிற ஒரே சார்ஜ் இயந்திரம் இன்னும் திறப்புவிழா ஆகாமல் பிளாஸ்டிக் உறைக்குள் நின்றுகொண்டிருந்தது.

உங்கள் ஊர்த் திருப்பத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்கே நிற்கிற தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டதும் உங்கள் தங்கைக்குத் தாகம் எடுக்கும். பாட்டிலைத் திறந்து ஜன்னல் பக்கம் திரும்பிக் குடிப்பாள். திருப்பம் தாண்டியதும் மூடி வைத்துவிடுவாள். ஆறு வருடமாக அவள் உங்களைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தண்ணீர் மட்டும் குடிப்பாள். அன்றைக்கு அவள் பாட்டிலைத் தொடவில்லை. "இந்த ரோட்டுல நமக்குத் தெரிஞ்ச வீடு ஒண்ணுதான் இருக்கு" என்றாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாலும் போவேனே தவிர அங்கே வரமாட்டேன் என்றேன். "சரி, இறங்கித் தள்ளுங்க" என்றாள். எனக்கு முழங்கால் வலி இருப்பது உங்களுக்குத் தெரியும். திருப்பினேன்.

வாசலில் பூட்டு. அதைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. பிளக் கிடைக்காத கவலை என்று நினைத்துக்கொண்டேன். எதிர் சலவைக்கடைக்காரர் வெளியே வந்து, "அண்ணனும் அண்ணியும் வெளியூர் போயிருக்காங்க, வர ரெண்டு நாளாகும். நீங்க யாரு?" என்றார். "அவரோட தங்கச்சி" என்றாள். அவர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "சைக்கிள் கத்துக்கொடுத்தப்ப அவரு கால் மேலேயே ஏத்தினீங்களே, அந்தத் தங்கச்சியா? தினம் ஒரு தடவையாவது சொல்லுவாரே" என்றார். உங்கள் தங்கை சிரித்தாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துவைத்த துணியைப் பின்வாசலில் வைப்பதற்காக நீங்கள் கொடுத்து வைத்திருந்த சாவியால் அவர் எங்களுக்காகக் கேட்டைத் திறந்துவிட்டார். தயவுசெய்து அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த வண்டிக்குச் சார்ஜ் சொருகும் வாய் பின்பக்கம் இடது ஓரத்தில் இருக்கிறது. கூடவே கொடுத்த வயர் என் கைக்குட்டையைவிடச் சற்று நீளம், அவ்வளவுதான். பால்கனி வயரைக் கழற்றிக்கொண்டு வர முடியுமா? ஆக, உங்கள் பின்வாசல் பிளக்குக்கு எட்ட வேண்டுமானால் அந்தக் கேட்டுக்குள் வண்டியை ரிவர்ஸில்தான் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனேன். அதே கேட், அதே தூண்கள். ஒரு மயிரிழைகூடப் படவில்லை என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். வேண்டுமானால் சலவைக்கடைக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். தூணில் கீறல் தெரிந்தால் அது ஆறு வருடத்துக் கீறல். நீங்கள் ஊரில் இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம், சம்பந்தியும் பக்கத்தில் நின்றிருக்கலாம்.

சார்ஜ் ஏறுகிற வரைக்கும் உங்கள் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். தூறல் போட்டது. கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தது உங்கள் தங்கைதான், திருடன் வந்ததாக நினைக்க வேண்டாம். உங்கள் சட்டை ஒன்றில் பொத்தான் இல்லை. கைப்பையிலிருந்து ஊசியை எடுத்து அதையும் தைத்துவிட்டாள். கண்ணாடி இல்லாததால் நூல் கோத்துக்கொடுத்தது நான். பொத்தான் நிறம் மாறியிருக்கும், கொஞ்சம் கோணலாகவும் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். "அண்ணன் இன்னமும் காலர் கிழியுற வரைக்கும் ஒரே சட்டையத்தான் போடுது" என்று சட்டையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது ஃபிரிட்ஜ். அந்தப் பிளக்கில் ஏற்கனவே ஒரு வயர் சொருகியிருந்தது. ஜன்னல் வழியாக உள்ளே போயிற்று. எதற்கு என்று தெரியாமல் பிடுங்கிவிட்டு என் வண்டியைச் சொருகினேன். புறப்படும்போது திரும்பச் சொருக மறந்துவிட்டேன். மகள் வீட்டு வாசலில் போய் இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது. "ஐயையோ, அது ஃபிரிட்ஜு வயராத்தான் இருக்கும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள் உங்கள் தங்கை. மகளை விட்டுப் போன் பண்ணச் சொல்லலாம் என்றேன். "தப்பு பண்ணினது நீங்க, அவ எதுக்குப் பேசணும்? உங்க கையால எழுதுங்க" என்றாள். போனில் யார் முதலில் ஹலோ சொல்வது என்ற சிக்கல் கடிதத்தில் கிடையாது என்பதால் ஒப்புக்கொண்டேன். பால், காய்கறி, இன்ன பிற கெட்டுப்போனவை எதுவானாலும் அதற்கு முழுப் பொறுப்பும் நான் ஏற்கிறேன், மச்சான். இந்த வண்டி இருக்கிற வரைக்கும் அந்த வழியில் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. எப்போதாவது பிளக்கைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். டிரைவிங் ஸ்கூல் மேலும் மேலும் வளரவும், உங்களிடம் படித்தவர்கள் எந்தத் தூணிலும் மோதாமல் நீடூழி ஓட்டவும் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: இதுவரை எழுதியதை உங்கள் தங்கை படித்துப் பார்த்து, "பரவாயில்லை, மரியாதையாத்தான் எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, கவருக்குப் பசை தேடி உள்ளே போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதுகிறேன். வீட்டில் நாற்றம் எதுவும் இல்லையே என்று நீங்கள் விழித்திருப்பீர்கள். ஃபிரிட்ஜ் வயரைப் புறப்படும்போதே சொருகிவிட்டேன், இரண்டு தடவை இழுத்தும் பார்த்தேன். வேறு எந்தச் சாக்கில் உங்களுக்குக் கடிதம் எழுதுவது? சனிக்கிழமை சாயங்காலம் துணி எடுக்கிற மாதிரிப் போய் அவள் சார்ஜ் சுவிட்சை அணைத்ததை நான் பார்த்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரிப் போய் மறுபடி போட்டுவிட்டேன். வண்டி காலையில் நிறைந்துதான் இருந்தது, மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் மிச்சம் இருந்திருக்கும். வழி நெடுக நான் படித்துச் சொன்ன எண்கள் எல்லாம் நானாகச் சொன்னவை. என் ஆயுளில் நான் சொன்ன முதல் கள்ள எடை அதுதான். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு அது தெரியாது, தான் அணைத்ததுதான் வேலை செய்கிறது என்று நினைத்துச் சந்தோஷமாக விசிறிக்கொண்டு வந்தாள். எனக்கும் உங்களைப் பார்க்காமல் நன்றாக இல்லை, மச்சான். உங்கள் அளவுக்கு என்னைக் கிண்டல் செய்ய இங்கே ஆள் இல்லை. அவளிடம் எதையும் காட்டிக்கொள்ள வேண்டாம். சலவைக்கடைக்காரரையும் எதுவும் கேட்க வேண்டாம், யாரிடமும் சொல்வதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். உங்கள் தங்கை பிளக் தேடிப் பின்பக்கம் போயிருந்தபோதுதான் அது நடந்தது. தூணில் இப்போது இரண்டு கீறல் இருக்கும், மேலே இருப்பது புதியது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் கேட்டுக்கு முன்னால் எங்களுக்குச் சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்துவிடும். எங்கேயும் போய்விடாமல் வீட்டில் இருங்கள். நான் இறங்கிச் சாவியை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன், ரிவர்ஸை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.