மிச்ச வெயிலும் மாமாவின் கெலித் தொட்டியும்

வீணாகப் போகும் எதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர்கள் உலகத்தில் உண்டு. மிஞ்சிய சோற்றை வடகமாக்குகிறவர்களால் குடும்பத்துக்கு நன்மைதான். மிஞ்சிய மின்சாரத்தை என்ன செய்யலாம் என்று யோசிக்கிறவர்களைக் கொஞ்சம் கண்காணிக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் இந்த இரண்டாவது ரகம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடையில் வேலை. மின்னியல் டிப்ளோமா பெட்டியில் இருந்தது. அதன் கனம் தலையில் இருந்தது. என் அக்காள் கணவருக்கு (மாமா என்றுதான் கூப்பிடுவேன்) ஜெஞ்சாரோம் பக்கம், செம்பனைக் காட்டுக்கு நடுவில் ஒரு பழத்தோட்டம். கூடவே ஒரு சிமெண்டுத் தொட்டி நிறைய கெலி என்கிற கெளுத்தி மீன். மீசை வைத்த, வழவழப்பான, எதற்கும் அசராத மீன். அந்த வழியாக மின்கம்பி போகவில்லை. ஆகவே மாமா கொட்டகைக் கூரையில் சோலார் தகடுகளைப் போட்டு, உள்ளே லோரி பேட்டரிகளை வரிசையாக வைத்திருந்தார். விளக்கு, மின்விசிறி, ரேடியோ, ஒரு சின்னக் குளிர்பெட்டி எல்லாம் அதில்தான் ஓடின.

நண்பகலுக்குள் பேட்டரி நிறைந்துவிடும். நிறைந்ததும் ஒரு சின்னப் பெட்டி தகடுகளிலிருந்து வரும் மின்சாரத்தை நிறுத்திவிடும். இல்லாவிட்டால் பேட்டரி கெட்டுப்போகும். மாமா இதைப் பெருமையாகச் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. மத்தியானம் முழுக்க வெயில் கொட்டுகிறது, வாங்கிக்கொள்ள ஆளில்லை.

அந்தச் சமயத்தில்தான் கிள்ளானிலிருந்து எனக்கு ஒரு பெண் பார்த்தார்கள். பெயர் மல்லிகா, வங்கியில் வேலை. ரம்புத்தான் பழுத்திருந்ததால், தோட்டத்திலேயே ஞாயிறு மத்தியானச் சாப்பாடு என்று அக்காள் ஏற்பாடு செய்தாள். பெண் வீட்டார் என் அறிவை நேரில் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

முந்தின நாளே போய் வேலையை ஆரம்பித்தேன். மீன்பிடிப் படகில் தண்ணீர் இறைக்கும் பழைய பம்பு ஒன்றைத் தோட்டத்து ஓரக் கால்வாயில் இறக்கி, அதன் ரப்பர் குழாயைக் கெலித் தொட்டியில் விட்டேன். பேட்டரி நிறைந்தால் பம்பு தானாக ஓட வேண்டும், குறைந்தால் தானாக நிற்க வேண்டும். அதற்கொரு ரிலே. பம்பை நேராகப் பேட்டரியோடு இணைத்தேன். சுவிட்ச் வைக்கவில்லை. (தானா ஓடுறதுக்கு எதுக்குப்பா சுவிட்சு?)

பேட்டரி நிறைந்தால் என்ன செய்வது என்று அவ்வளவு யோசித்தவன், தொட்டி நிறைந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்தார்கள். மல்லிகாவின் அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டையில், அதிகம் பேசாதவராக இருந்தார். அம்மா எல்லாவற்றையும் கவனித்தார். மல்லிகா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ரம்புத்தான் உரிக்க ஆரம்பித்தாள். கொட்டகைக்குள் மேசை போட்டு, இலை விரித்து, ஆட்டிறைச்சிப் பிரட்டல் வந்த நேரத்தில் பம்பு தானாக உறுமியது. நான் விளக்க ஆரம்பித்தேன்.

விளக்கம் பாதியில் இருக்கும்போது மல்லிகாவின் அப்பா மெதுவாக இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கினார். நாற்காலிக்கு அடியில் ஒரு கெலி, மீசையை ஆட்டிக்கொண்டு, ஏதோ முகவரி தேடுவதுபோல் நெளிந்து போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. வாசலைப் பார்த்தோம். தொட்டி வழிந்து, தண்ணீர் கொட்டகைக்குள் வர, மறுநாள் செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போகவேண்டிய மாமாவின் மீன்கள் அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டன.

மாமா சட்டியோடு வெளியே ஓடினார். நான் பேட்டரிக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்னப் பெட்டிக்கு ஓடி, அதிலிருந்த சுவிட்சை அணைத்தேன். மின்விசிறி நின்றது. ரேடியோ நின்றது. பம்பு மட்டும் ஓடியது. எனக்குப் புரியவில்லை. பேட்டரியோடு நேராக இணைத்திருந்த குளிர்பெட்டியின் வயரையும் பிடுங்கினேன். பம்பு இன்னும் உற்சாகமாக இறைத்தது. அதேபோல் நேராக இணைத்திருந்த விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது, அதையும் கழற்றினேன். பயனில்லை.

ஒரு மேகம் வந்தது. பம்பு நின்றது. நான்தான் நிறுத்தினேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மேகம் விலகியது. மறுபடி உறுமல்.

மல்லிகாவின் அம்மா அக்காளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இந்த எடத்துல முனி ஏதும் இருக்குதாம்மா?"

பேயும் இல்லை, முனியும் இல்லை. மிச்சம் இருந்தால் ஓடு என்று நானே அதற்குச் சொல்லிவைத்திருந்தேன். நான் ஒவ்வொன்றாக அணைக்க அணைக்க மிச்சம் கூடிக்கொண்டே போனது. அது சொன்ன பேச்சைக் கேட்டது, அவ்வளவுதான். இது எனக்குப் புரிந்தது மறுநாள் கோலாலம்பூர் பஸ்ஸில். அந்த நேரத்தில், எல்லாம் ஒரே சிவப்பு நிறத்திலிருந்த வயர்களைக் கையில் பிடித்துக்கொண்டு, எதை வெட்டினால் எது வெடிக்கும் என்று தெரியாமல் நின்றேன்.

மல்லிகா கை கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் வயர்களையும் என்னையும் பார்த்தாள். எங்கள் முதல் உரையாடல் இதுதான்.

"அந்தத் தண்ணிக் குழாய தொட்டியிலருந்து வெளிய எடுத்தா போதாதா?"

அவளே போய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குழாயை எடுத்துக் கால்வாயில் போட்டுவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் வரை அந்தப் பம்பு கால்வாய்த் தண்ணீரை எடுத்துக் கால்வாயிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது. மிச்ச மின்சாரத்தில் ஒரு சொட்டும் வீணாகவில்லை.

நாங்கள் எல்லாரும் மீன் பிடித்தோம். கெலியைக் கையால் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதன் முள் குத்தினால் மாப்பிள்ளை, சம்பந்தி என்ற வித்தியாசமெல்லாம் பார்க்காது. வெள்ளைக் கால்சட்டை சேற்று நிறமானது. பாதிக்கு மேல் மீன்கள் திரும்பக் கிடைத்தன. மீதி கால்வாய்க்குப் போய்ச் சேர்ந்தன. மாமா என்னைத் திட்டவில்லை. "நீ இனிமே வந்தா பழம் மட்டும் சாப்புட்டுட்டுப் போ லா," என்றார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

சம்பந்தம் முடிந்த கதை என்று நினைத்துத்தான் பஸ் ஏறினேன். அடுத்த வாரம் சம்மதம் வந்தது. காரில் திரும்பும்போது அவள் அம்மா அபிப்பிராயம் கேட்டிருக்கிறார். மல்லிகா சொன்னதை அக்காள் எனக்கு அப்படியே ஒப்பித்தாள்: "ஆளு நல்லவருதான்மா. பக்கத்துல யாராச்சும் இருக்கணும்."

அன்றிலிருந்து பக்கத்தில்தான் இருக்கிறாள். அவள் அப்பா, என் மாமனார், உயிரோடு இருந்தவரை அந்த மத்தியானத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் குனிந்து அதன் அடியில் ஒருமுறை பார்த்துக்கொள்வார். பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்ந்தார்கள். அவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. போன தீபாவளிக்கு வந்த என் பேரனும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். எதுக்கு என்று கேட்டேன். தெரியாது தாத்தா, நம்ம வீட்டுல எல்லாரும் இப்படித்தானே உட்காருவாங்க என்றான்.