ஏரி பிடித்த ஆள்

மனைவியின் ஏரிக்கரை ஆசைக்கு இன்றோடு முடிவு கட்டிவிடுவது என்ற சபதத்தோடுதான் பெரும்புள்ளி படகில் ஏறினார்.

பெரும்புள்ளி என்றதும் பணக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். கிடங்குக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கிடங்குக்குள் வரும் ஒவ்வொரு சாமானிலும் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி இருந்தால் கணக்கில் சேர்ந்தாச்சு, எவனும் தொடக்கூடாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. குடையில் புள்ளி, செருப்பில் புள்ளி, பல்செட் டப்பாவில்கூடப் புள்ளி. பட்டப்பெயர் வந்த கதை அதுதான்.

மனைவி நர்ஸாக இருந்தவள். முதலில் வேலை பார்த்ததே ஏரிக்கரை ஆஸ்பத்திரியில்தான். ஓய்வு பெற்றதிலிருந்து ஒரே பாட்டு: "அங்கேயே போய் இருந்துடலாங்க." இவருக்கோ தன் வீடு, தன் ஜன்னல், தன் நாற்காலி. அதைவிட்டு நகர்ந்தால் உயிரே போய்விடும் போலிருந்தது. நேருக்கு நேர் முடியாது என்று சொல்லத் தைரியம் கிடையாது. அதனால் ஏரிக்கரை ஊர்களைப் படகில் சுற்றிப் பார்க்க மனைவி கூப்பிட்டதும், போகிற வழியில் அவளைப் பயமுறுத்திவிடுவது என்று முடிவு செய்தார்.

நடு ஏரியில் பனி மூடியிருந்தது. கரை தெரியவில்லை. படகுக்காரர் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். பெரும்புள்ளி குரலைத் தாழ்த்தினார்.

"விஷயம் தெரியுமா? இந்த ஏரி ஆள் பிடிக்கும்."

"மீன்தானே பிடிப்பாங்க?"

"சிரிக்காதே. ஒருத்தரை இதுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா, முதல்ல அவங்க சாமான் ஒண்ணொண்ணா கரைக்கு வந்து சேரும். அப்புறம் பின்கழுத்துல ஜில்லுன்னு ஒரு விரல் வைக்கும். அவ்வளவுதான். அந்த ஆள் திரும்பி வீடு போய்ச் சேர்ந்ததே இல்ல."

"அய்யோ பாவம்," என்றாள் மனைவி, பிளாஸ்க்கைத் திறந்தபடி. "டீ குடிக்கிறீங்களா?"

முதல் ஊரில் இறங்கினார்கள். துறைக்கு எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் இவரைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு குடையோடு வந்தார்.

"உங்களுதுதானே? விட்டுட்டுப் போயிட்டீங்க."

பிடியில் சிவப்புப் புள்ளி. போன வாரம் வீட்டையே தலைகீழாகப் புரட்டித் தேடிய குடை!

"நான் இந்த ஊருக்கு வந்ததே இல்லையே?"

கடைக்காரர் குடையை இவர் கையில் திணித்தார். "எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க," என்றவர், திரும்பி டீ ஆற்றப் போய்விட்டார்.

இரண்டாவது ஊரில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. முடிவெட்டும் கடை ஒன்றுதான் திறந்திருந்தது. உள்ளே ஆணியில் இவருடைய பழுப்புச் சால்வை தொங்கியது. ஓரத்தில் புள்ளி. கீழே செருப்பு. அதிலும் புள்ளி.

"வாங்க," என்றார் முடிவெட்டுபவர். "நீங்களும் சீக்கிரம் வந்துடுவீங்கன்னு சொன்னாங்க."

"யார் சொன்னாங்க?"

அவர் கத்தரிக்கோலால் ஜன்னலுக்கு வெளியே தண்ணீரைக் காட்டினார்.

பெரும்புள்ளி சால்வையைக்கூட எடுக்காமல் வெளியே பாய்ந்தார். படகுக்கு ஓடிவந்து முன்பலகையில் சுருண்டு உட்கார்ந்தார். தானே கட்டிவிட்ட கதை இப்படித் தன்னையே துரத்துமா? உண்மையாகவே பயந்துபோனார். பனி இன்னும் நெருங்கி வந்தது.

அப்போதுதான் பின்கழுத்தில் பட்டது. ஜில்லென்று, ஈரமாக, ஒரு விரல் போல.

அலறிக்கொண்டு திரும்பினார். பின்பலகையில் மனைவி மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள்.

"ஏங்க, ஏதாச்சும் பட்டுச்சா?"

"இ... இல்லையே!"

மூன்றாவது ஊரில் துறையை ஒட்டியே ஒரு மஞ்சள் வீடு. வராந்தாவில் ஒரு பிரம்பு நாற்காலி. பின்னல் அறுந்துவிட்டதென்று மனைவி பழுதுபார்க்க அனுப்பிய அதே நாற்காலி. கைப்பிடியில் புள்ளி. பெரும்புள்ளி அதிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"உண்மையைச் சொல்லு. நான் செத்துட்டேனா? நீ நர்ஸ்தானே, நாடி பிடிச்சுப் பாரு."

மனைவி நிதானமாக நாடி பிடித்தாள்.

"கொஞ்சம் வேகமா ஓடுது. மத்தபடி நல்லாத்தான் இருக்கீங்க. உள்ள வாங்க, ஈரக் காத்து." கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

"இந்த வீட்டுச் சாவி உன்கிட்ட எப்படி?"

"பக்கத்து வீட்டுப் பல் டாக்டர்கிட்ட அந்தப் பேய்க் கதையை ஒத்திகை பார்த்தீங்களே, அப்ப சமையலறை ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு. நல்ல கதை. வீணாப் போகக்கூடாதேன்னு அதும்படியே செஞ்சுட்டேன். டீக்கடைக்காரரும் முடிவெட்டுறவரும் எங்க ஆஸ்பத்திரியில என்கிட்ட ஊசி போட்டுக்கிட்டவங்க. கேட்டதும் ஒத்துக்கிட்டாங்க."

"அப்ப நம்ம வீடு?"

"வாடகைக்கு விட்டாச்சு. இனிமே இதுதான் நம்ம வீடு. நாம கிளம்பினதும் லாரி வந்திருக்கும். புள்ளி வச்சதையெல்லாம் ஏத்துங்கன்னு சொல்லிட்டேன். உங்க பழக்கத்தால எவ்வளவு சுலபமாப் போச்சு பாருங்க!"

"நான் வரமாட்டேன்!" பெரும்புள்ளி எழுந்து நின்று கத்தினார். "சாமானைத்தான் நீ ஏத்தலாம். என்னை ஏத்த முடியாது. நான் திரும்பிப் போறேன்!"

துறையைப் பார்த்தார். படகு பனிக்குள் போய்விட்டிருந்தது.

"கத்தாதீங்க. காலர்ல ஒட்டிக்கப்போகுது, இன்னும் காயல," என்றாள் மனைவி.

பெரும்புள்ளி மெதுவாகப் பின்கழுத்தைத் தடவிப் பார்த்தார். விரலில் சிவப்புப் பெயின்ட்.